‘கன்விக்‌ஷனே கிடையாது’ என்கிறார் வக்கீல்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மேடம், நான் டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன், வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்குத் தரும் ஹெச்4 விசாவில் வந்தேன். இங்கிருந்தபடியே இரண்டு வருடத்துக்கு முன் கிரீன் கார்டு கிடைத்தது. நடுவில் ஊருக்குப் போகவில்லை. போன மாதம் ஒரு பெரிய கடையில் செல்ஃப் செக்அவுட்டில் பில் போட்டுவிட்டு வெளியே வரும்போது பிடித்துக்கொண்டார்கள். வண்டியின் அடித்தட்டில் இருந்த கார் சீட்டும் இன்னும் சில பொருட்களும் ஸ்கேன் ஆகவில்லையாம். கைக்குழந்தை கத்திக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை, அதுதான் உண்மை. 810 டாலர் என்று கணக்குப் போட்டு கிளாஸ் ஏ திருட்டு வழக்குப் பதிந்திருக்கிறார்கள். எங்கள் கிரிமினல் வக்கீல், “டிஃபர்ட் அட்ஜுடிகேஷன், அதாவது ஒப்புக்கொண்டாலும் தீர்ப்பைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு, வாங்கித் தருகிறேன். ஒரு வருடம் ப்ரொபேஷன் (நிபந்தனைகளோடு கண்காணிப்பு), முடிந்ததும் வழக்கு தள்ளுபடி. குற்றவாளி என்ற தீர்ப்பே வராது, கன்விக்‌ஷனே கிடையாது” என்கிறார். அடுத்த வாரம் கையெழுத்து. இரண்டு மாதத்தில் தம்பி கல்யாணத்துக்கு மதுரை போக வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: அடுத்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். டெக்சாஸ் கோர்ட்டுகளில் இதை ‘ரீசெட்’ என்பார்கள். இந்த மாதிரி வழக்குகளில் சாதாரணமாகக் கேட்பதுதான். அந்த இடைவெளியில், கிரிமினல் வழக்கு இமிகிரேஷனை எப்படிப் பாதிக்கும் என்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு வக்கீலைப் பாருங்கள். நான் உங்கள் கோப்பைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

உங்கள் வக்கீல் உங்களை ஏமாற்றவில்லை. டெக்சாஸ் சட்டப்படி அவர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் இந்த நாட்டில் இருக்கலாமா என்று முடிவு செய்வது டெக்சாஸ் சட்டம் அல்ல, மத்திய அரசின் சட்டம். அதில் ‘கன்விக்‌ஷன்’ என்பதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது. 1996இல் காங்கிரஸ் அதை எழுதி வைத்தது. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ, எதிர்க்கவில்லை என்று சொன்னாலோ, குற்றத்துக்குப் போதுமான விவரங்களை ஒப்புக்கொண்டாலோ போதும். அதோடு நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டால், தீர்ப்பே எழுதப்படாவிட்டாலும் அது கன்விக்‌ஷன்தான். ஒரு வருட ப்ரொபேஷன் கட்டுப்பாடு இல்லாமல் வேறு என்ன? டெக்சாஸின் இதே டிஃபர்ட் அட்ஜுடிகேஷனை வைத்து 1999இல் மூசா என்பவரின் வழக்கு ஐந்தாம் சர்க்யூட் அப்பீல் கோர்ட்டுக்குப் போனது. டெக்சாஸ் அந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் வருகிறது. இமிகிரேஷன் விஷயத்தில் இது கன்விக்‌ஷன்தான் என்று அது சொல்லிவிட்டது. ஒரு வருடம் ஒழுங்காக முடித்து வழக்கு தள்ளுபடியான பிறகும் இமிகிரேஷன் கண்ணில் அது அழியாது.

உங்கள் வழக்கில் இது ஏன் இவ்வளவு ஆபத்து? திருட்டை இமிகிரேஷன் சட்டம் பொதுவாக ஒழுக்கக் கேடான குற்றம் என்ற வகையில் சேர்க்கிறது. நாட்டுக்குள் முறையாக அனுமதிக்கப்பட்ட ஐந்து வருடத்துக்குள் அப்படி ஒரு குற்றம் நடந்து, அதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்க முடியும் என்றால், அந்த ஒரே வழக்கில் வெளியேற்றலாம். உண்மையில் எத்தனை நாள் விதித்தார்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை. எத்தனை நாள் விதிக்க முடியும் என்பதுதான் கணக்கு. டெக்சாஸில் கிளாஸ் ஏ என்றால் உச்சவரம்பு சரியாக ஒரு வருடம்.

ஐந்து வருடத்தை எங்கிருந்து எண்ணுவது? கிரீன் கார்டு தேதியிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். குற்றம் நடந்த சமயத்தில் எந்த நுழைவின் பலத்தில் இங்கே இருந்தீர்களோ, அந்த நுழைவிலிருந்து என்று இமிகிரேஷன் மேல்முறையீட்டு வாரியம் 2011இல் அல்யாஸ்ஜி வழக்கில் சொன்னது. உங்களுக்கு அது நான்கு வருடத்துக்கு முந்தைய ஹெச்4 நுழைவு. இரண்டு வழியில் பார்த்தாலும் ஐந்துக்குள் மாட்டுகிறது. வழக்கை இழுத்தடித்து ஐந்து வருடத்தைத் தாண்டலாம் என்றும் நினைக்காதீர்கள். சம்பவம் நடந்த தேதிதான் கணக்கு. நீண்ட காலம் இங்கே வாழ்ந்தவர்கள் இமிகிரேஷன் நீதிபதியிடம் கருணை கேட்க ஒரு வழி உண்டு. அதற்குக் கிரீன் கார்டே குறைந்தது ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு வருடம்.

அப்புறம், அந்த இமிகிரேஷன் கோர்ட் பெயரளவில்தான் கோர்ட். அது நீதித்துறையில் இல்லை. அரசின் சட்டத் துறைக்குள் இருக்கும் நிர்வாக அமைப்பு. நாட்டை விட்டு அனுப்புவது தண்டனை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893இல் ஃபோங் யூ டிங் என்ற சீனத் தொழிலாளியின் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த நிழல் இன்னும் நீங்கவில்லை. சிறைக்கு அனுப்பக்கூடிய கிரிமினல் வழக்கில் காசில்லாதவருக்கு அரசே ஒரு வக்கீலை வைத்துத் தர வேண்டும். இமிகிரேஷன் வழக்கில் அந்த உரிமை கிடையாது, சொந்தச் செலவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எனவே நீங்கள் போராட வேண்டிய இடம் இப்போது இருக்கும் கிரிமினல் கோர்ட்டுதான்.

இதில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஹோண்டுராஸில் பிறந்த ஹொசே பாடில்லா நாற்பது வருடத்துக்கு மேல் கிரீன் கார்டில் இருந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். கென்டக்கியில் அவர் ஓட்டி வந்த லாரியில் கஞ்சா பிடிபட்டது. “இத்தனை வருடம் இங்கே இருக்கிறீர்கள், இமிகிரேஷனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்” என்றார் அவருடைய வக்கீல். நம்பி ஒப்புக்கொண்டார், நாடுகடத்தல் வந்து நின்றது. 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தது: குடிமகன் அல்லாத கட்சிக்காரருக்கு ஒப்புதலால் வரும் இமிகிரேஷன் விளைவைச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை. சட்டம் தெளிவாக இருந்தால் தெளிவாகச் சொல்ல வேண்டும். தெளிவில்லை என்றால் ஆபத்து இருக்கிறது என்றாவது எச்சரிக்க வேண்டும். வாய் திறக்காமல் இருப்பதும் தவறுதான். உங்கள் வக்கீலிடம் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லி, “என் கிரீன் கார்டுக்கு என்ன ஆகும் என்று எழுத்தில் கொடுங்கள்” என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் உரிமை.

கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பாடில்லாவைக் காட்டி ரத்து செய்துகொள்ளலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜே லீ என்பவர் பதின்மூன்று வயதில் தென் கொரியாவிலிருந்து வந்தவர். மெம்ஃபிஸில் உணவகம் நடத்தினார். போதை மாத்திரை வழக்கில், நாடுகடத்த மாட்டார்கள் என்று வக்கீல் அடித்துச் சொன்னதால் ஒப்புக்கொண்டார். நாடுகடத்தப்படலாம் என்று நீதிபதி எச்சரித்தபோது அவர் குழம்பி வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். இது எல்லோருக்கும் சொல்வதுதான் என்று சமாதானம் சொன்னார் வக்கீல். 2009இல் தொடங்கிய விவகாரம், 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. உங்கள் படிவத்திலும் இமிகிரேஷன் எச்சரிக்கை வரி இருந்தால், அதைச் சடங்கு என்று தாண்டாதீர்கள்.

சரி, கேட்க வேண்டியது என்ன? முதல் இலக்கு வழக்கே விழுவது. டெக்சாஸ் சட்டத்தில் திருட்டு என்றால் எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருந்ததாக அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். மறதி திருட்டாகாது. கடையின் கேமராப் பதிவு, மற்ற பொருட்களுக்கு நீங்கள் கொடுத்த பில், அன்று கார்டில் இருந்த பணம் எல்லாம் உங்கள் சாட்சிகள். கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி உங்கள் வக்கீல் கடைக்கு உடனே கடிதம் அனுப்பட்டும். ஆறு பேர் கொண்ட ஜூரி ஒருமனதாக நம்பினால்தான் குற்றவாளி. விசாரணைக்குப் போவது துணிச்சலான முடிவு என்றாலும், உங்கள் கதையில் அதை ஒதுக்கிவிட மாட்டேன்.

இரண்டாவது, ப்ரீட்ரயல் டைவர்ஷன். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், வகுப்பு, சமூக சேவை முடித்து வழக்கைத் திரும்பப் பெறுவது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. சில மாவட்டங்களில் உள்ளே சேரவே ஒப்புதல் எழுதிக் கேட்பார்கள். வர்ஜீனியாவில் விவரங்களை ஒப்புக்கொண்டு, நீதிபதியின் உத்தரவோடு நடந்த அப்படி ஓர் ஏற்பாட்டையே கன்விக்‌ஷன் என்று 2017இல் முகமது வழக்கில் வாரியம் சொன்னது. ஆகவே ஒப்பந்தத்தின் வாசகத்தை இமிகிரேஷன் வக்கீல் படிக்காமல் அதிலும் கையெழுத்து வேண்டாம்.

மூன்றாவது, 810 என்ற அந்த எண். 750 டாலருக்குக் கீழே என்றால் அது கிளாஸ் பி, உச்சவரம்பு 180 நாள். அப்போது ஐந்து வருட விதியில் இந்த ஒரே வழக்கு உங்களைத் தொடாது. கணக்கில் வர வேண்டியது சந்தை மதிப்பு. கார் சீட் அன்று தள்ளுபடியில் விற்றதா, லேபிள் விலையைப் போட்டார்களா என்று பாருங்கள். அறுபது டாலரில் உங்கள் குடும்பத்தின் எதிர்காலம் தொங்குகிறது. திருட்டை விட்டுவிட்டு அத்துமீறி நுழைதல் போன்ற, ஒழுக்கக் கேட்டில் பொதுவாகச் சேராத வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்பதும் வழக்கமான பேரம்தான்.

“ஒரு வருடம் சிறை, ஆனால் நிறுத்திவைக்கிறோம்” என்று யாராவது கொடுத்தால் எந்த நிலையிலும் ஏற்காதீர்கள். நிறுத்திவைத்த தண்டனையும் முழுசாக எண்ணப்படும். திருட்டுக்கு ஒரு வருடம் என்றால் இமிகிரேஷனில் அது மிகக் கடுமையான வகைக்குப் போய்விடும். இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காகவே வாஷிங்டன், கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்கள் சிறு குற்றங்களின் உச்சவரம்பை 364 நாளாகக் குறைத்தன. டெக்சாஸ் குறைக்கவில்லை.

2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டத்தைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். திருட்டுப் புகாரில் கைதானாலே காவலில் வைக்கச் சொல்கிறது அது. ஆனால் அது குறிவைப்பது அனுமதியின்றி நுழைந்தவர்கள், உரிய ஆவணம் இல்லாதவர்கள் போன்றோரை. முறையான கிரீன் கார்டு உள்ள உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது.

தம்பி கல்யாணத்துக்குப் போகாதீர்கள் என்று எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வழக்கு முடியும் வரை வேண்டாம். ஜாமீன் நிபந்தனையே தடுக்கலாம். அதைவிடப் பெரிது, இப்படிப்பட்ட குற்றம் செய்த கிரீன் கார்டுக்காரர் திரும்பி வரும்போது புதிதாக நுழைபவர்போல நடத்தப்படலாம். வார்டெலாஸ் என்ற கிரேக்கர் 1994இல் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். 2003இல் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது நியூயார்க் விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அவருடைய ஒப்புதல், இந்த விதியைக் கொண்டுவந்த 1996 சட்டத்துக்கு முந்தையது என்ற ஒரே காரணத்தால். அந்தக் கதவு உங்களுக்கு இல்லை.

கடையிலிருந்து பணம் கேட்டு ஒரு கடிதம் வரலாம். அதைக் கட்டினாலும் கிரிமினல் வழக்கு நிற்காது. கட்டுமுன் வக்கீலிடம் காட்டுங்கள். கடைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது ஒப்புதலாக உங்களுக்கு எதிராகவே வரும். போலீஸோ கடை ஊழியரோ போன் செய்தால், “என் வக்கீலிடம் பேசுங்கள்” என்பதோடு நிறுத்துங்கள். இமிகிரேஷன் வக்கீலிடம் போகும்போது குற்றப்பத்திரிகை, அரசுத் தரப்பு கொடுத்த ஒப்பந்த நகல், பழைய பாஸ்போர்ட், ஹெச்4 விசா, ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, கிரீன் கார்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஐ-94இல் இருக்கும் நுழைவுத் தேதியை அவர் முதலில் கேட்பார்.