டிஜே சொன்ன பாட்டைப் போடவில்லை. மீதிப் பணம் தர வேண்டுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்று மே மாதம் தங்கை கல்யாணத்தை வைத்தோம். மைதானத்தில் நடந்த வரவேற்புக்கு மாலை 6 முதல் 11 வரை ஒரு டிஜேயை 30,000 ரூபாய்க்குப் பேசி, 10,000 முன்பணம் கொடுத்தேன். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். 'ஓகேண்ணே' என்று பதில் போட்டார். வந்தது 7.45 மணிக்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது நாங்கள் கேட்ட பாட்டு வரவில்லை. அப்பா ஆசையாகச் சொன்ன பழைய பாட்டுகளில் ஒன்றுகூடப் போடவில்லை. 10 மணிக்குப் போலீஸ் வந்து நிறுத்திவிட்டது. இப்போது மீதி 20,000, பாட்டுக்கான காப்புரிமைக் கட்டணம் 5,000 கேட்கிறார். தராவிட்டால் ஆட்களோடு வீட்டுக்கு வருவாராம். அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை விழா (கோவிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் கத்தோலிக்கச் சடங்கு) வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முழுத் தொகையைத் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு பைசாகூடத் தர மாட்டேன் என்று நிற்பதும் சரியில்லை. அவர் வந்து வாசித்த நேரத்துக்குக் கூலி உண்டு.

முத்திரைத்தாளில் எழுதவில்லையே என்று கவலைப்படாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சே ஒப்பந்தம் ஆகும். உங்களிடம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. நீங்கள் பட்டியல் அனுப்பி அவர் 'ஓகேண்ணே' என்று சொன்ன நிமிடமே அந்தப் பாட்டுகளும் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டன. 'என்ன பாட்டு போடுவது என்பது என் இஷ்டம்' என்று அவர் இனிமேல் பேச முடியாது.

கணக்குக்கு வருவோம். 5 மணி நேரத்துக்கு 30,000 என்றால் மணிக்கு 6,000. 7.45 முதல் 10 வரை இரண்டேகால் மணி நேரம், அதாவது 13,500. முன்பணம் போக நிற்பது 3,500தான். 10 மணிக்கு மேல் உள்ள ஒரு மணி நேரத்தை இரண்டு பேருமே மறந்துவிட வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அரசு விசேஷமாக அனுமதிக்கிற சில நாட்கள் மட்டும் விலக்கு. சட்டம் தடுத்த நேரத்துக்கு அவர் கூலி கேட்கவும் முடியாது, ஏன் நிறுத்தினாய் என்று நீங்கள் கேட்கவும் முடியாது. வண்டி வாடகை, செட் இறக்கிய கூலி என்று அவர் வாதாடக்கூடும். 5,000 வரை கொடுத்து, கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்கிக்கொள்வதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அதற்கு மேல் வேண்டாம்.

காப்புரிமைக் கட்டணம் என்று கேட்கும் 5,000-ஐத் தராதீர்கள். காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(இசட்ஏ) மதச் சடங்குகளில் பாட்டு ஒலிபரப்புவதை உரிமை மீறலில் இருந்து விலக்குகிறது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டது. பேசும்போதே சொல்லாத தொகையைக் கல்யாணம் முடிந்தபின் கேட்பதற்கு எப்படியும் ஆதாரம் இல்லை.

ஆட்களோடு வருவேன் என்றது போனில் பதிவாகியிருந்தால் அழிக்காதீர்கள். வந்து மிரட்டினால் அது குற்றம். உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஆனால் தாமதமாக வந்ததற்கும் பாட்டு மாறியதற்கும் மோசடிப் புகார் கொடுக்கப் போகாதீர்கள். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி.

அப்பாவின் பாட்டு விடுபட்டது சின்ன விஷயம் அல்ல. அந்த நாள் திரும்பி வராது. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்க நினைத்தால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறை நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்; 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை; வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே பேச்சுக்கு வருவார்கள்.

சாட்சியத்துக்கு முக்கியமான ஒன்று: வீடியோக்காரரிடம் எடிட் செய்யாத பதிவை இன்றே கேட்டு வாங்குங்கள். ஆல்பத்தோடு தரும் வீடியோவில் அசல் சத்தத்தை எடுத்துவிட்டு வேறு பாட்டை ஒட்டியிருப்பார்கள், அது உதவாது. எடிட் செய்யாத பதிவில் மேடை ஏறிய நேரமும் அப்போது ஒலித்த பாட்டும் அப்படியே இருக்கும். வாட்ஸப் உரையாடல் உள்ள போனை மாற்றாதீர்கள். பாரதிய சாட்சியச் சட்டம் 2023, பிரிவு 63-இன்படி அந்த உரையாடலின் நகலை ஒரு சான்றிதழோடுதான் தாக்கல் செய்ய வேண்டும்.

புதுநன்மை விழாவுக்கு யாரைப் பேசினாலும் முன்பணத்துக்கு முன் ஒரே செய்தியாக இவற்றை அனுப்பி, 'சம்மதம்' என்று பதில் வாங்குங்கள்: செட் தயாராக வேண்டிய நேரம், முடிக்கும் நேரம் 10 மணி, கட்டாயம் போட வேண்டிய பாட்டுகள், போடவே கூடாதவை, தாமதமானால் மணிக்கு எவ்வளவு பிடித்தம், ஜெனரேட்டர் யார் பொறுப்பு. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்குவது நீங்களா அவரா என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பாட்டுகளை ஐம்பது அறுபது என்று அடுக்காமல், பிள்ளை கேக் வெட்டும்போது எது, தாத்தாவுக்கு எது என்று பத்துப் பாட்டை மட்டும் கட்டாயம் என்று குறியுங்கள். மீதியைக் கூட்டத்தைப் பார்த்து அவர் போட்டுக்கொள்ளட்டும்.