தண்ணீரால் ஆலை ஓடியது எப்படி?
நீராவிக்கு முன் ஆலைகள் எதனால் ஓடின? பெரும்பாலும் நீர்விசையால். ஓடும், விழும் தண்ணீரைக் கொண்டு சக்கரத்தைச் சுற்றவைப்பதுதான் அது. சுழற்சியைத் தண்டுகளும் பற்சக்கரங்களும் எந்திரங்களுக்குக் கொண்டுபோகும்.

தண்ணீர் மேலிருந்து விழுந்தால் சக்கர விளிம்பிலுள்ள தொட்டிகள் நிரம்பி, எடையாலேயே இறங்கும். அடியில் நீர் மோதும் சக்கரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, சைக்கிள் பெடலைக் காலால் தட்டுவதற்கும் அதில் ஏறி நின்று மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் போல. அதைவிட இதில் ஏறக்குறைய இருமடங்கு பலன் என்று 1759-லேயே ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சோதித்துக் காட்டினார்.

இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் 1771-ல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தொடங்கிய நூற்பாலைக்கு, ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த வெதுவெதுப்பான நீரும் வந்தது. கடுங்குளிரிலும் உறையாத நீர்! எவ்வளவு அருமையான இடத்தேர்வு!

அப்புறம், நீராவி வந்ததுமே நீர்ச்சக்கரம் ஒழிந்துவிட்டது என்பது தவறு. 1830-களிலும் பிரிட்டனில் பல ஆலைகள் தண்ணீரில்தான் ஓடின.