மலை மேல மொளைக்காத பயிறு

வணக்கங்க சார். நான் சேலம் அம்மாபேட்டை, கல்யாணமாகி இப்ப ஏற்காட்டுல இருக்கோம். நானும் வீட்டுக்காரரும் பால், தயிர், முட்டை எல்லாம் விட்டுட்டு வீகனா மாறிட்டோம். காலைல முளைகட்டின பச்சைப்பயிறு ஒரு கிண்ணம், பச்சையாவே. அம்மா வீட்ல ராத்திரி கட்டி வச்சா விடிஞ்சதும் வால் விட்டிருக்கும், இங்க ரெண்டு நாளானாலும் பாதி அப்படியே கெடக்கு, மூணாவது நாள் கொழகொழன்னு ஆகி ஒரே நாத்தம். மொளைச்சதுலயும் வெள்ளையா பஞ்சாட்டம் ஏதோ இருக்கு. அவருக்கு வேற வயிறு உப்புசம். முளைகட்டினா புரோட்டீன் டபுள் ஆகும், பி12 கூட வரும்னு வீடியோல சொல்றாங்களே, நெசமா? அடுத்து ராஜ்மா முளைகட்டலாம்னு இருக்கேன்.

– ஒரு வாசகி, ஏற்காடு

வணக்கம்மா,

மொதல்ல அந்த ராஜ்மாவை எடுத்து உள்ள வச்சிடுங்க. பச்சை ராஜ்மாவுல லெக்டின்னு ஒண்ணு இருக்கு, நாலஞ்சு கொட்டை பச்சையா தின்னாலே வாந்தி பேதில கொண்டு விட்டுடும், முளை விட்டாலும் அது முழுசா போகாது. ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணில குக்கர்ல நல்லா வேகவச்சு சாப்பிடுங்க, அவ்ளோதான்.

இப்ப பச்சைப்பயிறு. உங்க கைல கோளாறு இல்ல, குளிர்தான். சேலம் கடல்மட்டத்துல இருந்து 300 மீட்டர் கூட இல்ல, 20 ஹேர்பின் பெண்டு ஏறி வந்தா நீங்க 1,500 மீட்டர்ல இருக்கீங்க. பச்சைப்பயிறுக்கு 25ல இருந்து 30 டிகிரி இருந்தா குஷியா மொளைக்கும், உங்க ஊர் மார்கழி ராத்திரில அது போர்வைய இழுத்துப் போத்திட்டுத் தூங்குது. வெதுவெதுப்பான தண்ணில எட்டு மணி நேரம் ஊறப்போடுங்க, அப்புறம் ஹாட்பாக்ஸுக்குள்ள சுடுதண்ணி ஊத்தி கொஞ்ச நேரம் வச்சு கொட்டிட்டு, பயிறு மூட்டையை உள்ள வச்சு மூடியை லேசா திறந்தாப்ல போடுங்க, காத்து வேணும் அதுக்கு. காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா நல்ல தண்ணில அலசி, ஒரு சொட்டு நிக்காம வடிச்சுட்டு திரும்பக் கட்டுங்க.

இந்த வடிக்கிறதுலதான் பல பேர் கோட்டை விடுறது. ஈரம் வேணும், தண்ணி நிக்கக் கூடாது. நின்னா மொளைக்காத பயிறு மொதல்ல அழுகி பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும், நாத்தம் வர்றது அங்கிருந்துதான். பழைய ஸ்டாக்கா இருந்தாலும் பாதி மொளைக்காது, கீழ வரும்போது செவ்வாய்ப்பேட்டைல புதுப்பயிறான்னு கேட்டு வாங்கிக்குங்க. ஒண்ணே ஒண்ணு, நல்லா மொளைக்குமேன்னு விதைக்கடைல விதைப்பயிறு மட்டும் வாங்கிடாதீங்க, அதுல மருந்து கலந்து விதைநேர்த்தி பண்ணியிருப்பாங்க.

அந்த வெள்ளைப் பஞ்சு, பாதிக்குப் பாதி பூஞ்சையா இருக்காது, வேரைச் சுத்தி வர்ற சின்னச் சின்ன வேர்த்தூவி அது. தண்ணில அலசுங்க, வேரோட ஒட்டிப் படிஞ்சு காணாமப் போயிட்டா வேர்த்தூவி. பயிறுக்குப் பயிறு நூலாட்டம் பின்னிக்கிட்டு, சாம்பலோ கருப்போ நிறம் தட்டி, முக்கிப்போன வாடையும் வந்தா பூஞ்சை, மொத்தத்தையும் கொட்டிடுங்க, மேலாக எடுத்துட்டு மிச்சத்தை சாப்பிடலாம்னு பாக்காதீங்க.

சரி, பச்சையா திங்கிறது. எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. பயிறு மொளைக்கிற அதே சூடும் ஈரமும் கிருமிக்கும் தோதுதான், கிருமி விதையோட தோல் மேலயே வந்திருந்தா எவ்ளோ அலசினாலும் போகாது. 2011ல ஜெர்மனில முளைகட்டின வெந்தயத்தால ஈகோலை பரவி கிட்டத்தட்ட 4,000 பேர் படுத்து 50 பேருக்கு மேல செத்தே போனாங்க. அங்க இருந்த சுத்தபத்தத்துக்கே அந்தக் கதி. நம்ம பக்கத்துல, தர்மபுரி கிருஷ்ணகிரி வரைக்கும், முளைகட்டின பயிறுன்னா கொழம்புதான், கிண்ணத்துல பச்சையா வந்ததெல்லாம் டயட் சார்ட்டு வந்த பின்னாடி. வேகவச்சா விட்டமின் சி கொறையும்னு சொல்லுவாங்க, கொறையட்டும், எறக்கின பிறகு எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்குங்க, பயிறுல இருக்கற இரும்புச்சத்து ஒடம்புல சேரவும் அது உதவும். வீட்டுக்காரர் வயித்து உப்புசமும் வெந்ததைச் சாப்பிட்டா பெரும்பாலும் அடங்கும்.

புரோட்டீன் டபுள் ஆகாதும்மா. காஞ்ச பயிறு 100 கிராம்ல சுமார் 24 கிராம் புரோட்டீன், ஊறி மொளைச்சா எடை ரெண்டு மடங்குக்கு மேல போகும், கூடினது பூரா தண்ணி. பி12 சுத்தப் பொய். செடிகொடி எதுவும் அதை உண்டாக்காது, பாக்டீரியா வேலை அது. பாலும் முட்டையும் விட்டுட்டீங்க இல்ல, ரெண்டு பேரும் பிளட் டெஸ்ட் எடுத்துப் பாத்து டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை எடுத்துக்குங்க, இதுல வீம்பு வேண்டாம், நரம்பு வரைக்கும் பாதிக்கும்.

கொழம்புக்கு: சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, கொத்தமல்லி, வரமிளகாய், தேங்காய் அரைச்ச விழுதை ஊத்தி, நாலா கீறின கத்திரிக்காயும் மொளைச்ச பயிறும் போட்டு குக்கர்ல ஒரு விசில். உங்க ஊர்ல தண்ணி 95 டிகிரி பக்கமே கொதிச்சிடும், சட்டில வச்சீங்கன்னா நேரம் இழுக்கும், அதனாலதான் குக்கர். புளி கொஞ்சமா கரைச்சு கடைசில ஊத்துங்க, முன்னாடியே ஊத்தினா பயிறு வேகாது. ராகிக் களிக்கு கெட்டியா வைங்க, சோத்துக்குன்னா கொஞ்சம் தண்ணியா விட்டுக்கலாம்.