வாசகர் கேள்வி: 160 கிலோமீட்டர் ஓட வைக்கிறது பாவம் இல்லையா?

கேள்வி: எண்டியூரன்ஸ் ரைடிங்னு, குதிரையில ரொம்ப தூரம் போற போட்டியோட வீடியோ ஒண்ணு பாத்தேன் சார், ஒரே நாள்ல 160 கிலோமீட்டராம். ரெண்டு நிமிஷ ரேஸ்லயே குதிரை கால் ஒடிஞ்சு செத்துப்போகுது, இது அதைவிட பெரிய கொடுமை இல்லையா?

பதில்: தூரத்தை கேட்டதும் எனக்கும் மொதல்ல அப்படித்தான் பகீர்னுச்சு. ஆனா கால் ஒடியுறதுக்கு பெரும்பாலும் காரணம் வேகம். ரேஸ்ல மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல பறக்குறப்போ ஒரு நொடி உடம்பு பாரம் மொத்தமும் ஒத்தக் கால்ல எறங்குது, அதுவும் பல நாட்டுல ரெண்டு வயசு குட்டியையே ஓட விட்டுடுறாங்க. எண்டியூரன்ஸ்ல சர்வதேச 160 கிமீ போட்டிக்கு 8 வயசாவது ஆகியிருக்கணும். ஈவென்டிங்னு காடு மேட்டுல தடுப்பு தாண்டுற குதிரைப் போட்டியில இருக்குற ஆபத்தே வேற, அசையாத தடுப்புல முன்னங்கால் மாட்டுச்சுன்னா குதிரை குட்டிக்கரணம் போட்டு ஆள் மேலயே விழும், அதனாலதான் இப்போ இடிச்சா கழண்டுக்கிற பின் வச்ச தடுப்பெல்லாம் வந்திருக்கு.

எண்டியூரன்ஸ்ல எனக்கு பிடிச்சதே வெட் கேட்தான், அதாவது நடுநடுவுல நிறுத்தி கால்நடை டாக்டர் சோதிக்கிற இடம். பாதையை பல சுத்தா பிரிச்சு வச்சிருப்பாங்க, ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் டாக்டர்கிட்ட குதிரையை காட்டணும், 15 நிமிஷத்துக்குள்ள நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 64க்கு எறங்கணும், எறங்கலைன்னா அவுட். நாடி எறங்கி டாக்டர்கிட்ட போற வரைக்கும் கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால கண்ணு மண்ணு தெரியாம விரட்டிட்டு வந்தா சம்பாதிச்ச நேரமெல்லாம் அங்கேயே போயிடும். ஈறை அமுக்கி ரத்தம் எவ்வளவு சீக்கிரம் திரும்புதுன்னு பாப்பாங்க, தோலை கிள்ளி பாப்பாங்க, வயித்துல சத்தம் இருக்கான்னு கேப்பாங்க. மொத ஆளா கோட்டைத் தாண்டினாலும் கடைசி செக்கப்ல தேறலைன்னா ஜெயிச்சது செல்லாது. 1955லேர்ந்து கலிஃபோர்னியாவுல நடக்குற டெவிஸ் கப்ங்கிற 160 கிமீ போட்டியில கெளம்புறதுல கிட்டத்தட்ட பாதி குதிரைங்கதான் முடிக்குது.

அப்போ ஆபத்தே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது வெளிய தெரியாது. வெயில்ல குதிரைக்கு மணிக்கு 10, 15 லிட்டர் வரைக்கும் வேர்வை போகும். அதோட வேர்வையில உப்பு ரத்தத்தைவிட ஜாஸ்தி, உப்பும் சேந்து போயிடுறதால உடம்பு காஞ்சு கெடந்தும் தாகம் எடுக்காது. குடல் நின்னுபோய் வயித்துவலி, தசை இறுகிப்போறது, கடைசில கிட்னி வரைக்கும் போகும். 2018ல அமெரிக்காவுல ட்ரையான்ல நடந்த உலகப் போட்டியை வெக்கை, புழுக்கம் தாங்காம பாதியிலேயே நிறுத்திட்டாங்க, அப்படியும் ஒரு குதிரை கிட்னி கெட்டு செத்துச்சு.

இன்னொண்ணு, மேடு பள்ளமான காட்டுப்பாதைக்குன்னு யோசிச்ச விளையாட்டை சமதளமான பாலைவனத்துக்கு கொண்டு போனதும் அது கிட்டத்தட்ட ரேஸாவே ஆயிடுச்சு. கால் ஒடியுறது அங்கேயும் வந்துச்சு, 2015ல ஐக்கிய அரபு அமீரகத்தோட குதிரையேற்ற ஃபெடரேஷனையே சர்வதேச குதிரையேற்ற அமைப்பு கொஞ்ச மாசம் சஸ்பெண்ட் பண்ணி வச்சது. என்னைக் கேட்டா நீங்க கொடுமைன்னு சொல்லவேண்டியது இந்த மாதிரி ஓட்டத்தைத்தான், டெவிஸ் மாதிரி மலைப்பாதையில போறதை இல்ல.

கேள்வி: குதிரை வாய் திறந்து சொல்லாதே, கால் வலிக்குதுன்னு டாக்டர் எப்படி கண்டுபிடிக்கிறார்?

பதில்: நேர்கோட்டுல ட்ராட், அதாவது மிதமான வேகத்துல துள்ளு நடையா ஓட விட்டு தலையை பாப்பாங்க. முன்னங்கால்ல வலின்னா அந்தக் கால் தரையில படுறப்போ தலையை மேல தூக்கும், நல்ல கால் படுறப்போ தொங்கப்போடும். பின்னங்கால்னா இடுப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி எறங்காது. ரைடர் ‘கல்லு குத்தியிருக்கும் டாக்டர்’னு எவ்வளவு கெஞ்சினாலும் அந்தத் தலையாட்டல் இருந்துச்சுன்னா அன்னிக்கு ஓட்டம் அதோட சரி.