கண்டென்சரை இடம் மாற்றிய பஸ்ஸில் கேஸ் நிற்காதபோது

பஸ் ஏசியின் கண்டென்சரை (கேஸின் சூட்டை வெளியேற்றித் திரவமாக்கும் பகுதி) கூரையிலிருந்து பின்னால் இறக்கி, அதிலிருந்து திரவம் போகும் லிக்விட் லைனை 4 மீட்டர் நீட்டியிருக்கிறீர்கள். 134ஏ என்ற குளிரூட்டும் கேஸ் இரண்டு தடவை ஏற்றியும் பதினைந்தே நாளில் அழுத்தம் லோ சைடில் (கம்ப்ரசருக்குள் வரும் பக்கம்) 12, ஹை சைடில் (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் பக்கம்) 130 பிஎஸ்ஐ. இரண்டும் இறங்கியிருப்பதால் கேஸ் குறைவுதான், ஆனால் மூன்றாவது தடவை ஏற்றுவது காசை காற்றில் விடுவது. முதலில் லீக்கைப் பிடியுங்கள்.

ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றி, புதிய ஹோஸ்களின் கிரிம்ப் (அழுத்திப் பொருத்திய) முனைகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கம்ப்ரசர் கிளட்ச் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) போயிருக்கலாம். ஆக்சிஜன் கூடவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

லீக்கை அடைத்ததும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, 500 மைக்ரான் (வெற்றிட அளவு) வரை வேக்யூம் இழுங்கள். வால்வை மூடி அரை மணி நேரம் பாருங்கள். மைக்ரான் அளவு ஏறிக்கொண்டே போனால் ஈரமோ லீக்கோ பாக்கி.

ஏசி ஸ்டிக்கரில் உள்ள கேஸ் எடை பழைய அமைப்புக்கானது. 10 மி.மீ. உள்விட்ட லிக்விட் லைன் மீட்டருக்குச் சுமார் 90 கிராம் பிடிக்கும், ஆக 360 கிராம் கூடுதல். கேஸ் சிலிண்டரைத் தராசில் வைத்தே ஏற்றுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது ஹை சைடில் திரவமாக; பிறகு ஹை வால்வை இறுக மூடி, இன்ஜினை ஓட்டி, லோ சைடில் ஆவியாக. ஓடும்போது ஹை வால்வைத் திறந்தால் சிலிண்டரே வெடிக்கலாம்.

வெளியே 35 டிகிரி இருக்கையில் லோ 30–40, ஹை 220–260 வந்தால் சரி. ஹை 300 தாண்டினால் கேஸைக் குறைக்கும் முன் கண்டென்சரைப் பாருங்கள், பின்பக்க இன்ஜின் சூடு அதற்குள் போகிறதா என்று.