நூறு வயது வெள்ளி டாலரை வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன், வயது 46. ஒரு விற்பனையாளர் விடாமல் போன் செய்கிறார். 1921-ஆம் வருடத்து மார்கன் வெள்ளி டாலர்கள் 20, ஒன்று 189 டாலராம். “நூறு வருடப் பழசு, கிடைப்பதற்கு அரியது” என்கிறார். மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய 529 கணக்கிலிருந்து (கல்லூரிப் படிப்புக்கான சேமிப்பு) எடுத்து வாங்கலாமா? இல்லை, என் ஐஆர்ஏ (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) பணத்தில் வாங்கினால் வரி மிச்சமா?

பதில்: அடுத்த முறை அவர் கூப்பிட்டால் போனை எடுக்காதீர்கள். நாணயம் பழசுதான், அதில் பொய் இல்லை. ஆனால் 1921-இல் பிலடெல்பியாவில் மட்டும் சுமார் 4.47 கோடி மார்கன் டாலர் அடித்தார்கள். அந்த வரிசையிலேயே சல்லிசாகக் கிடைப்பது இந்த வருடத்து நாணயம்தான்.

அதற்கு ஒரு கதை உண்டு, அதில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. முதல் உலகப் போர் சமயம் பிரிட்டிஷ் இந்தியாவில் ரூபாய் அடிக்க வெள்ளி போதவில்லை. 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் கொண்டுவந்து, 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்தியாவுக்காகப் போனது. உருக்கியதற்கு ஈடாகத் திரும்ப அடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்ததால், 1921-இல் மலைமலையாக அடித்துத் தள்ளினார்கள்.

சரி, விலைக்கு வருவோம். ஒரு மார்கன் டாலர் 26.73 கிராம். அதில் 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி மட்டும் 0.7734 டிராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளிக்கான எடை அளவு). அன்றைய வெள்ளி விலையை இதால் பெருக்கினால் உலோக மதிப்பு வந்துவிடும். பேச்சுக்கு, அவுன்ஸ் 60 டாலர் என்றால் சுமார் 46 டாலர். நாளைக்கே விற்கப் போனால், தேய்ந்த 1921-க்குக் கடைக்காரர் இந்தக் கணக்கை ஒட்டித்தான் தருவார். அதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு டாலருக்கும் “எதற்கு?” என்று கேளுங்கள்.

உண்மையிலேயே அரியவை இருக்கின்றன. 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது ஒரு லட்சம்தான். பின்பக்கம் மாலைக்குக் கீழே சின்னதாக ‘எஸ்’ இருக்கும். அந்த ஒரு எழுத்துக்காகவே, அதே வருடத்து பிலடெல்பியா நாணயத்தில் ‘எஸ்’ ஒட்டி விற்கிற ஏமாற்றும் நடக்கிறது. ஆகவே நாணயங்களைத் தரம் பிரிக்கும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி தரம் பார்த்து மூடிய பெட்டியில் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். பெட்டியில் இருக்கிற எண்ணையும் அவர்கள் தளத்தில் சரிபாருங்கள்.

ஐஆர்ஏ யோசனையை விட்டுவிடுங்கள். மார்கன் டாலர் ‘சேகரிப்புப் பொருள்’ வகையில் வருகிறது. ஐஆர்ஏ பணத்தில் வாங்கினால், அந்தத் தொகையை நீங்கள் வெளியே எடுத்ததாகவே ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கணக்கு வைக்கும். வருமான வரியோடு, 59½ வயது ஆகாததால் 10 சதவீதம் கூடுதலும் சேரும். 529-லிருந்து படிப்பல்லாத செலவுக்கு எடுத்தாலும், அதன் வளர்ச்சிக்கு வரியும் 10 சதவீத அபராதமும் உண்டு. இன்னும் இரண்டு வருடத்தில் கட்டணம் கட்ட வேண்டிய பணம் அது, அங்கேயே இருக்கட்டும். சொந்தப் பணத்தில் வாங்கி, ஒரு வருடத்துக்கு மேல் வைத்து லாபத்தில் விற்றால்கூட, மத்திய அரசு வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கு அவ்வளவு இல்லை.

வெள்ளிதான் வேண்டும் என்றால், 1964 வரையிலான டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) நாணயங்களைப் பாருங்கள். இங்கே ‘ஜங்க் சில்வர்’ என்பார்கள். முகமதிப்பு ஒரு டாலருக்குச் சுமார் 0.715 அவுன்ஸ் வெள்ளி. வருடத்துக்கென்று யாரும் கூடுதல் காசு கேட்க மாட்டார்கள்.

மார்கன் மேல் ஆசையே வந்துவிட்டதா? பக்கத்து நாணயக் கடைக்குப் போய் ஒன்றே ஒன்று வாங்குங்கள். எடை போட்டுப் பாருங்கள், காந்தத்தில் ஒட்டக் கூடாது. அப்புறம், கறுத்திருக்கிறதே என்று வெள்ளி விளக்கு மாதிரி விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த நாணயத்தைக் கடைக்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, விலையைக் குறைத்துவிடுவார்.