காப்பிக் களம்: பண்ணைக்காட்டிலிருந்து பதில்கள்

கேள்வி: மலேசியாவில் வேலை பார்க்கும் மகன் 'சுமத்ரா மண்டெலிங்' என்று அரைக்கிலோ பச்சைக்கொட்டை கொண்டுவந்தான். நீலம் ஓடிய கரும்பச்சை நிறம். சில கொட்டைகள் நுனியில் பிளந்திருக்கின்றன. வறுத்துப் போட்டால் மழை விட்ட தோட்டத்து மண் வாசம். ஏமாந்துவிட்டானா? (வாசகி, வத்தலக்குண்டு)

பதில்: ஏமாறவில்லை அம்மா. நீங்கள் குறையாகச் சொன்ன மூன்றும்தான் அந்தச் சரக்குக்கு அடையாளம்.

நாம் பழத்தைப் பல்பரில் விட்டுத் தோலெடுத்து, தொட்டியில் போட்டு, வழுவழுப்புப் போகக் கழுவி, கொட்டையை மூடியிருக்கும் ஓட்டோடு களத்தில் காயவைக்கிறோம். ஈரம் 11 சதவீதம் அளவுக்கு இறங்கிய பிறகுதான் மில்லில் ஓடு உடைப்பார்கள். என் அப்பாவுக்கு மீட்டரெல்லாம் கிடையாது. ஒரு கொட்டையை உரித்துக் கடிப்பார். பல் பதிந்தால், 'இன்னும் ரெண்டு வெயில்' என்பார்.

சுமத்ராவில் அந்த ரெண்டு வெயிலுக்குக் காத்திருப்பதில்லை. சிறு விவசாயி கையால் சுற்றும் பல்பரில் தோலெடுத்து, ராத்திரி வைத்திருந்து கழுவி, கொஞ்ச நேரம் வெயில் காட்டி, ஈரத்தோடு சந்தைக்குக் கொண்டுபோய்விடுகிறார். வாங்குகிறவர், ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே ஓட்டை உடைத்து, வெறும் கொட்டையைக் காயவைக்கிறார். இதற்கு 'கிலிங் பாசா' என்று பெயர். ஈரத்தில் அரைப்பது என்று அர்த்தம். ஓட்டுக் காப்பியை 'கபா' என்கிறார்கள். உமியோடு இருக்கும் நெல்லுக்கும் அங்கே அதே சொல்தான். கொட்டை மெத்தென்று இருக்கும்போது மெஷினில் நசுங்குவதால் நுனி பிளக்கிறது. அதற்கு 'ஆட்டு நகம்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஏன் இந்த அவசரம்? அடிக்கடி மழை பெய்யும் ஊர். ஓட்டோடு காய நாளாகும். விவசாயிக்கும் காசு உடனே வேண்டும். இப்படிப் பிறந்ததுதான் அந்த ருசி: புளிப்பு அடங்கி, நாக்கில் கெட்டியாக நிற்கும்; மண், மரப்பட்டை, கொஞ்சம் புகையிலை வாசம் வரும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நம்மூர்க்காரர் யாரும் ஈரக் காப்பியைக் குவித்து வைக்கவேண்டாம். ஒரு கார்த்திகை மழையில் எங்கள் களத்துக் காப்பி நாலு நாள் தார்ப்பாயடியில் கிடந்தது. திறந்தால் பழைய சாக்கு நாற்றம். வியாபாரி ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்துவிட்டு, விலைகூடச் சொல்லாமல் போய்விட்டார். அது பூசணம், மண்டெலிங் அல்ல. அங்கே ஓட்டை உடைத்த பிறகு வெறும் கொட்டை வேகமாகக் காய்ந்துவிடுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டெலிங் என்பது, வட சுமத்ராவில் வாழும் மண்டைலிங் என்ற இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது. இன்று அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி தோபா ஏரிப் பக்கம், லிந்தோங், சிடிகலாங் போன்ற ஊர்களில் விளைவது. நம்மூரில் எந்தப் பழத்தையும் 'சிறுமலை' என்று கூவி விற்பார்களே, கிட்டத்தட்ட அப்படி.

கேள்வி: ஜாவாவுக்கே காப்பி நம் நாட்டிலிருந்துதான் போனதாமே? (வாசகர், தாண்டிக்குடி)

பதில்: ஆமாம், ஆனால் நம் மலையிலிருந்து அல்ல. 1696-இல் மலபார் கரையிலிருந்து டச்சுக்காரர்கள் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, நாற்று அனுப்பினார்கள். அது வெள்ளத்தில் போயிற்று. 1699-இல் மறுபடி அனுப்பியது பிழைத்தது. 1711-இல் ஜாவா காப்பி ஆம்ஸ்டர்டாம் போய் இறங்கியது. அப்புறம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலைத்துரு நோய் வந்து அராபிகா என்ற காப்பி வகையை வாரிக்கொண்டு போக, அந்த நோயைத் தாங்கும் ரோபஸ்டா வகையை நட்டார்கள். இன்றும் இந்தோனேசியாவில் அதுதான் அதிகம். மண்டெலிங்கோ பெரும்பாலும் உயரத்தில் விளையும் அராபிகா.

கேள்வி: மண்டெலிங்கில் சிக்கரி கலக்கலாமா? (முதல் கேள்வி கேட்ட அதே வாசகி)

பதில்: வேண்டாம். கெட்டிக்காகத்தானே சிக்கரி? அது இதிலேயே இருக்கிறது. பால் தாராளமாக ஊற்றுங்கள். வறுக்கும்போது நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இந்தக் கொட்டை திட்டுத் திட்டாகத்தான் சிவக்கும். காதைக் கொடுத்து வெடிப்புச் சத்தம் கேளுங்கள்.